மெரிக்கன்: இந்தக் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது?

செல்வி_பட்டர்வொர்த்

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் சந்தேகம் இது. எனக்குக் கிளினிக்கில் வேலை, ஐசி (அடையாள அட்டை) வாங்கிப் பெயர் பதிகிற கவுண்டர். இங்கே மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த், கப்பளா பத்தாஸ் பக்கம் ‘மெரிக்கன்’ என்ற பெயர் அவ்வப்போது வரும். போன வாரம் வந்த பெரியவருக்குத் தன் பெயரிலும் மெரிக்கன், ‘பின்’னுக்கு (மகன் என்று பொருள்) அப்புறம் அப்பா பெயரிலும் மெரிக்கன். கணினியில் பெயர் போடும் கட்டத்தில் இடம் போதவில்லை. இது என்ன பெயர் என்று மலாயில் கேட்டேன். “எங்க தாத்தாவுக்குத் தாத்தா நாகூர்க்காரர்” என்று அவரும் மலாயிலேயே சொல்லிவிட்டு மருந்து வாங்கப் போய்விட்டார்.

மரைக்காயர் என்பதுதான் மெரிக்கன் ஆகிவிட்டதா? இந்தப் பெயர்க்காரர்கள் எல்லாரும் ஒரே குடும்பமா? இன்று எங்கெல்லாம் இருக்கிறார்கள்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேஎல்_குமரன்

அக்கா, ‘அமெரிக்கன்’ என்று எழுதும்போது ‘அ’ விழுந்திருக்கும். 😀

சரி, விளையாட்டு போதும். எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. தமிழனுக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாதே. எனக்கு என் பெயர், அப்புறம் ஏ எல் (மலாயில் ‘மகன்’ என்பதன் சுருக்கம்), அப்புறம் அப்பா பெயர். என் மகனுக்கு என் பெயர். தாத்தா பெயர் அதோடு சரி. இவர்களுக்கு மட்டும் எப்படிப் பல தலைமுறையாக ஒரே பெயர் நிற்கிறது?

சூலியா_வீதி

தங்கச்சி, மரைக்காயர்தான் மெரிக்கன். அதில் சந்தேகமே வேண்டாம்.

காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை என்று கடலோரமாக வரிசையாக இருக்கும் ஊர்களின் தமிழ் முஸ்லிம் கப்பல் வணிகர்கள் இவர்கள். மரக்கலம் வைத்திருந்தவர் மரக்கலராயர், அது தேய்ந்து மரைக்காயர் ஆனது என்பார்கள் சிலர். அரபியில் கப்பலுக்கு ‘மர்கப்’, அதிலிருந்து வந்தது என்பார்கள் வேறு சிலர். இரண்டும் கப்பலில்தான் போய் நிற்கின்றன, அதனால் அந்தச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை.

‘ன்’ எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மரைக்காயர் என்பது மரியாதை, மரைக்காயன் என்பது ஒருமை. பேச்சில் சுருங்கினால் மரைக்கார், மரைக்கான். இலங்கையிலும் கேரளத்திலும் ‘ர்’ நிலைத்தது, இங்கே ‘ன்’ நிலைத்தது. 16ஆம் நூற்றாண்டில் கோழிக்கோட்டு சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாக இருந்து போர்த்துக்கீசியரை எதிர்த்துப் போரிட்ட குஞ்ஞாலிகளும் மரைக்கார்கள்தாம். 1877இல் திறந்த கொழும்பு அருங்காட்சியகக் கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். எல்லாம் ஒரே பெயரின் பல எழுத்துகள்.

பினாங்குக் கதைக்கு வருகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் 1786இல் இங்கே கொடி நாட்டிய பிறகுதான் தமிழ் முஸ்லிம்கள் வந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். லைட்டே 1794இல் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் அப்படிச் சொல்லவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் (தமிழ் முஸ்லிம்களை அப்போது அப்படித்தான் சொல்வார்கள்) ஆயிரம் பேர் அளவில் குடும்பத்தோடு குடியேறியிருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் பக்கத்துக் கெடா நாட்டில் வெகுகாலம் இருந்தவர்கள், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்றுதான் எழுதியிருக்கிறார். இது போக ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, கூலிவேலையோ சில்லறை வியாபாரமோ செய்து, நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்புவார்களாம்.

ஆக, நமக்கு முதல் துறைமுகம் கெடா. அங்கிருந்து ஈயமும் மிளகும் யானையும் நம் கரைக்குப் போகும். நம் கரையிலிருந்து துணி வரும். ஆமாம், யானை. பாய்மரக் கப்பலில் யானையை ஏற்றி வங்காள விரிகுடாவைத் தாண்டியிருக்கிறார்கள்! கெடா சுல்தானுக்கு வணிகம் பார்த்த ‘சவுதாகர் ராஜா’ பதவியிலேயே சூலியாக்கள் இருந்திருக்கிறார்கள். மெரிக்கன் குடும்பங்கள் பினாங்கு அளவுக்குக் கெடாவிலும் வேர்விட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

பரங்கிப்பேட்டையான்

சூலியா நானா சொன்னதோடு எங்கள் ஊர்ப் பெருமையையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் வேலைக்காகக் கோலாலம்பூர் வந்தவன், ஜாலான் மஸ்ஜித் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஜாகை. பினாங்கின் முதல் கப்பித்தானாக (சமூகத் தலைவராக) இருந்த காதர் முகைதீன் மெரிக்கன் எங்கள் பரங்கிப்பேட்டைக்காரர். 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி பள்ளிவாசலுக்காக 18 ஏக்கர் நிலம் கொடுத்தது. அதில் அவர் முன்னின்று எழுப்பியதுதான் கப்பித்தான் கிளிங் பள்ளி. (அந்தப் பெயரில் இருக்கும் ‘கிளிங்’ என்ற சொல் இந்தியர்களை இழிவுபடுத்துகிறதா என்ற சண்டையை இங்கே இழுக்க வேண்டாம், தயவுசெய்து.) அவர் 1834இல் மௌத்தானார் (காலமானார்). கம்போங் கோலத்தில் அவருடைய கபர் (கல்லறை) இருக்கிறது, பினாங்கு போனால் பார்க்கலாம்.

கேஎல்_குமரன்

அப்படியென்றால் மெரிக்கன் என்று இருப்பவர்கள் எல்லாரும் அந்தக் கப்பித்தானின் வாரிசா? ஒரு குடும்பப் பெயர் இணையதளத்தில் தேடிப் பார்த்தேன். மலேசியாவில் இத்தனை பேர், உலகத்தில் இத்தனையாவது இடம் என்று அழகாக வரைபடம் போட்டுக் காட்டுகிறது. அதை நம்பலாமா?

சூலியா_வீதி

இல்லை தம்பி. அந்த வாரிசுகள் இருக்கிறார்கள், ஆனால் மெரிக்கன் எல்லாம் அவர்கள் இல்லை. ஊருக்கு ஊர் மரைக்காயர்கள் இருந்தார்கள். கப்பல் ஏறியவர்கள் அவரவர் பட்டத்தோடு வந்து இறங்கினார்கள். நாகூரிலிருந்து ஒருவர், காரைக்காலிலிருந்து ஒருவர், கீழக்கரையிலிருந்து ஒருவர் என்று வந்து, ஒருவருக்கொருவர் ரத்த சம்பந்தம் இல்லாமலே பினாங்கில் எல்லாரும் மெரிக்கன் ஆகியிருக்கலாம். பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து ஒரே மூதாதையைத் தேடினால் கிடைக்காது. எந்த ஊர், எந்தக் கப்பல் துறை என்று தேடினால் கிடைக்கும்.

பினாங்கு ஜார்ஜ்டவுனின் சூலியா வீதியில் நூர்தீன் குடும்பக் கல்லறை இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கே பெரிய வணிகராக இருந்த முகம்மது மெரிக்கன் நூர்தீன் குடும்பத்தின் கல்லறை அது. அவருடைய பெயரில் மெரிக்கன் நடுவில்தான் இருக்கிறது. ஊரில் நிலைத்த பெயர் நூர்தீன். ஜார்ஜ்டவுனில் நூர்தீன் வீதி என்றே ஒரு தெரு உண்டு. சீனர்கள் ‘ஏழு தெரு’ என்று எண் போட்டுச் சொல்கிறார்களே, அதில் அது இரண்டாவது தெரு. மரைக்காயர் வழி வந்தவர்கள் எல்லாரும் மெரிக்கன் என்ற பெயரைத் தூக்கிக்கொண்டு திரியவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

செல்வி_பட்டர்வொர்த்

குமரன், அந்த இணையதளக் கணக்கை நான் நம்ப மாட்டேன். தினமும் பெயர் பதிகிறவள் சொல்கிறேன். அந்த மாதிரித் தளங்கள் தொலைபேசிப் புத்தகம், வாக்காளர் பட்டியல் மாதிரி எதையாவது எடுத்து, பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எண்ணிவிடும். மலேசியாவில் கடைசிச் சொல் பெரும்பாலும் அப்பாவின் பெயர். அப்படிப் பார்த்தால் உங்கள் குடும்பப் பெயர் உங்கள் அப்பா பெயர்தான், உங்கள் தாத்தாவுக்கு அதில் பங்கே இல்லை. முனியாண்டி, சுப்பையா எல்லாம் அங்கே ‘குடும்பப் பெயர்’ என்று எண்ணோடு நிற்கும்.

மெரிக்கனுக்கு இன்னொரு கோளாறு. அப்பா பெயரின் கடைசியில் மெரிக்கன் இருந்தால் எண்ணுவான். பிள்ளையின் பெயரில் இருந்து, ‘பின்’னுக்கு அப்புறம் வேறு பெயர் வந்தால் விட்டுவிடுவான். முன்னாள் அமைச்சர் ரீசால் மெரிக்கன் பெயரைப் பாருங்கள். ரீசால் மெரிக்கன் பின் நைனா மெரிக்கன். இருவருக்கும் இருப்பதால் அவர் கணக்கில் வருவார். எல்லாருக்கும் அப்படி அமையாது.

நைனா_அலோர்ஸ்தார்

வணக்கம் எல்லாருக்கும். அஸ்ஸலாமு அலைக்கும். இழை முழுவதையும் படித்துவிட்டேன். நானே ஒரு மெரிக்கன். பிறந்தது அலோர் ஸ்தார், இப்போது இருப்பது கோலாலம்பூர். வாப்பா வழி வீட்டில் மலாய்தான். உம்மா தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், அதனால் எனக்குத் தமிழ் எழுதப் படிக்க வரும். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்வி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. இங்கே மெரிக்கன் என்பது சீனர்களின் ‘டான்’, ‘லிம்’ மாதிரி தனியாக நிற்கும் குடும்பப் பெயர் இல்லை. பிள்ளைக்கு வைக்கும் பெயரோடு சேர்த்துப் பதிய வேண்டும். சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) எடுக்கப் போகிற அன்று அப்பா மறந்துவிட்டாலோ, பெயர் நீளமாக இருக்கிறது என்று விட்டுவிட்டாலோ, அதோடு அறுந்தது. எங்கள் வீட்டிலேயே பெரியவர் மெரிக்கன், அடுத்தவர் மரிக்கன், நான் மறுபடியும் மெரிக்கன். சின்னவனுக்கு ஒன்றுமே இல்லை. நாலு பேரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். காரணம் வேறொன்றுமில்லை, கவுண்டரில் யார் உட்கார்ந்திருந்தார்களோ அவர்கள் காதில் விழுந்தது பதிவானது. இனி வருகிற யாராவது எங்கள் குடும்ப மரம் வரைந்தால் சின்னவனைத் தத்துப்பிள்ளை என்று எழுதிவிடுவார்கள்.

பெண்பிள்ளைகளுக்கும் வைக்கிறார்கள். நாடகக் கலைஞர் ஃபரிடா மெரிக்கன் பினாங்கில் பிறந்தவர்தானே. ஆனால் அவர்களின் பிள்ளைகளுக்குப் போவது அபூர்வம்.

பரங்கிப்பேட்டையான்

குமரன் முதலில் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. இங்கே ஏன் நின்றது? எங்கள் ஊரில் ஏன் நிற்கவில்லை?

இந்தியாவில் மரைக்காயர் என்பது இன்றைக்கும் பட்டம்தான், சமூகப் பெயர்தான். அப்துல் கலாம் இருக்கிறாரே, அவருடைய தந்தை ராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்த ஜைனுலாப்தீன் மரைக்காயர். மகன் பெயரைப் பாருங்கள், அவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம். கொள்ளுத்தாத்தாவிலிருந்து அப்பா வரைக்கும் பெயர் வந்திருக்கிறது, பட்டம் வரவில்லை. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று சொல்கிறோமே, அந்தக் கீழக்கரை வள்ளல் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். ஊர் நினைவில் வைத்திருப்பது சீதக்காதி என்ற பெயரைத்தான். தெருவே மரைக்காயர் தெரு என்றால், அதில் யார் வந்து தன்னை மரைக்காயர் என்று தனியாகச் சொல்லிக்கொள்வது? பட்டம் சொன்னால் ஆளை அடையாளம் தெரியாது. ‘எந்த வீடு, யார் மகன்’ என்றுதான் கேட்பார்கள்.

இங்கே வந்தவர்களுக்கு அது தலைகீழ். சுற்றிலும் மலாய்க்காரர்கள், சீனர்கள், அச்சேக்காரர்கள். அவர்கள் நடுவில் ‘காதர்’ என்றால் ஆயிரம் காதர். ‘காதர் மெரிக்கன்’ என்றால் யார் என்று தெரிந்தது. அப்புறம் பேரப்பிள்ளைகள் தமிழை விட்டார்கள், ஊரை விட்டார்கள், கடைசியில் கையில் மிஞ்சியது அந்தப் பெயர் ஒன்றுதான். அதனால் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். என் கணக்கில், தமிழ் பேசுகிற வீட்டில் அந்தப் பெயர் தேவைப்படவில்லை. தமிழ் போன வீட்டில்தான் அது நின்றது.

சூலியா_வீதி

பரங்கிப்பேட்டை தம்பி சரியான இடத்தில் கையை வைத்தார். நான் இன்னொன்று சேர்க்கிறேன். இதை வெளியே அதிகம் பேச மாட்டார்கள்.

மரைக்காயர்கள் ஷாபி மத்ஹபு (இஸ்லாமியச் சட்ட வழி). ராவுத்தர்கள் ஹனபி. மலாய்க்காரர்கள் ஷாபி. தொழுகை முறை, நிக்காஹ் சட்டம் எல்லாம் ஒன்றாக இருந்ததால் மரைக்காயர் வீட்டு மாப்பிள்ளைக்குக் கெடாவிலும் பினாங்கிலும் பெண் கிடைப்பது சுலபம். ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று இருந்தவர்களும் கணிசம். பழைய கதை, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பிள்ளைகளைத்தான் ‘ஜாவி பெக்கான்’ என்றும் ‘ஜாவி பெரானாக்கான்’ என்றும் அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் நீரிணைக் குடியேற்ற நாடுகளின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘ஜாவி பெக்கான்’ என்று தனிக் கட்டமே இருந்தது. பின்னால் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு மலாய்க்காரரோடு சேர்த்துவிட்டார்கள். இந்தக் கூட்டம் சளைத்ததல்ல. மலாய் மொழியின் முதல் செய்தித்தாளைச் சிங்கப்பூரில் 1876இல் நடத்தத் தொடங்கியதே இவர்கள்தாம். அதன் பெயரே ‘ஜாவி பெரானாக்கான்’.

சுதந்திரத்தோடு அரசமைப்புச் சட்டத்தின் 160ஆவது பிரிவு வந்தது. இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்கங்களை அனுசரித்து, இந்த மண்ணோடு தொடர்பு உள்ளவர் மலாய்க்காரர். மெரிக்கன் குடும்பங்களில் பெரும்பாலானவை அதற்குள் போய்விட்டன. தங்கச்சி, ‘எங்கெல்லாம் இருக்கிறார்கள்’ என்று கேட்டீர்களே, கணக்கெடுப்பு இனத்தைக் கேட்கும், குடும்பப் பெயரைக் கேட்காது. இனத்தைக் கேட்டாலும் ஒரே மெரிக்கன் வீட்டில் ஒருவர் மலாய், ஒருவர் இந்தியர் என்று இருக்கும். நான் கண்ணால் பார்ப்பதை வைத்துச் சொன்னால், பினாங்குத் தீவு, கப்பளா பத்தாஸ் வட்டாரம், அலோர் ஸ்தார். அப்புறம் இந்த ஊர்களிலிருந்து படித்து வேலைக்குப் போனவர்களால் கோலாலம்பூரும் கிள்ளான் பள்ளத்தாக்கும். சுகாதாரத் தலைமை இயக்குநராக இருந்த டாக்டர் இஸ்மாயில் மெரிக்கன் போன்றவர்களால்தான் நாடு முழுக்க இந்தப் பெயர் காதில் விழுந்தது.

கேஎல்_குமரன்

பாய், ஒரு நெருடல். நீங்கள் எல்லாரும் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். பெயர் நின்றது, மொழி போனது. எங்கள் தாத்தா ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்வெட்ட வந்தவர். எங்களுக்குப் பெயரும் நிற்கவில்லை, காகிதமும் இல்லை, ஆனால் தமிழ் இருக்கிறது. இதில் யார் எதை இழந்தார்கள் என்று சொல்லத் தெரியவில்லை.

நைனா_அலோர்ஸ்தார்

குமரன், நீங்கள் கேட்பது எங்கள் வீட்டிலும் நோன்புப் பெருநாள் அன்று ஓடுகிற வாக்குவாதம்தான். வாப்பா ‘நாம் மலாய்’ என்பார். பெரிய வாப்பா ‘நாம் மெரிக்கன்’ என்பார், வேறு எதையும் சொல்ல மாட்டார். உம்மா சமையல்கட்டிலிருந்து சிரிப்பார்.

இருக்கட்டும், காகிதம் என்றதும் ஞாபகம் வந்தது. பெரிய வாப்பாவின் பெட்டியில் ஒரு பழைய கடிதம் இருந்தது. ஜாவி எழுத்து (அரபி எழுத்தில் எழுதும் மலாய்) என்று நினைத்துத்தான் இத்தனை காலம் வைத்திருந்தோம். ஜாவி படிக்கத் தெரிந்த என் மச்சான் எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு ‘இது மலாயே இல்லை’ என்கிறார். படம் போடுகிறேன், யாராவது பாருங்கள்.

மட்டுறுத்துநர்

படத்தில் உயிரோடு இருப்பவர்களின் பெயரோ ஐசி எண்ணோ தெரிந்தால் மறைத்துவிட்டுப் போடவும். பழைய கடிதம் என்றால் சரி.

பரங்கிப்பேட்டையான்

நைனா, இது தமிழ்! அரபுத்தமிழ். அரபி எழுத்தில் எழுதிய தமிழ். எங்கள் உம்மம்மாக்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ஆனால் இதில் சரளமாக எழுதுவார்கள், படிப்பார்கள். ஜாவியும் அரபி எழுத்துதான், அதனால் பார்த்தவுடன் ஒரே மாதிரி இருக்கும். அரபியில் இல்லாத ஒலிகளுக்கு இரண்டிலும் புள்ளிகளைக் கூட்டிப் புது எழுத்து செய்துகொண்டார்கள். உங்கள் மச்சான் மலாய்ச் சொல்லை எதிர்பார்த்துக் கூட்டியிருப்பார், அதுதான் பிடிபடவில்லை.

மேலே முதல் வரி மட்டும் அரபி, பிஸ்மியும் சலாமும். அதற்குக் கீழே ‘இவ்விடம் சுகம், அவ்விட சுகத்துக்கு எழுதவும்’ என்று நம்ம ஊர்க் கடிதம் எப்படித் தொடங்குமோ அப்படியே இருக்கிறது. அப்புறம் துணிக்கட்டு அனுப்பிய விவரம், எத்தனை கட்டு என்ற இடத்தில் மை பரவியிருக்கிறது. கடைசிக்கு முந்தைய வரியில் ‘காரைக்கால்’ என்று தெளிவாக இருக்கிறது. கையெழுத்துப் பக்கம் கிழிந்திருக்கிறது, ‘...க்காயன்’ என்று முடிவது மட்டும் தெரிகிறது.

சூலியா_வீதி

காரைக்கால் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், தம்பி நைனா. அது 1954 வரை பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த ஊர். பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் நகராட்சிப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் அங்கே உண்டு. பிரெஞ்சு எழுத்தில் ‘மரிக்கார்’ என்றுதான் இருக்கும், ‘ன்’ போட்டுத் தேடாதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் பினாங்குக்கு மட்டும் போகவில்லை, சைகோனுக்கும் போனார்கள். உங்கள் பாட்டனாரின் அண்ணன் தம்பி யாராவது அந்தப் பக்கம் மரிக்கார் என்ற பெயரில் இருந்திருக்கலாம்.

இந்தப் பக்கத்தில் தேட வேண்டியவை, பழைய வக்பு (அறக்கொடை) நிலப் பத்திரங்கள், பள்ளிவாசல் நிக்காஹ் பதிவு, கபர் கற்கள். ஆங்கிலத்தில் எழுதிய பத்திரத்தில் மரைக்காயரை எப்படி வேண்டுமானாலும் எழுதியிருப்பான். வெள்ளைக்காரக் குமாஸ்தாவுக்கு நம்ம பெயர் என்றால் அன்றைக்கும் அலட்சியம்தான். பெயரை விட்டுவிட்டு அப்பா பெயரையும் தெருவையும் வைத்துத் தேடுங்கள். பெயர் ஒத்துப்போய்த் தெரு ஒத்துப்போகவில்லை என்றால் அது வேறு குடும்பம்.

நைனா_அலோர்ஸ்தார்

காரைக்கால் என்று எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் வந்ததே இல்லை. எல்லாரும் நாகூர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பரங்கிப்பேட்டையான்

அதுவும் சகஜம்தான். இரண்டு ஊருக்கும் நடுவில் ரொம்பத் தூரம் இல்லை, பக்கத்து ஊர் மாதிரிதான். தர்கா இருப்பதால் வெளியூரில் நாகூர் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். பினாங்கில் சூலியா வீதி முனையிலேயே நாகூர் தர்கா இருக்கும்போது, காரைக்கால் என்று விளக்கிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை?

செல்வி_பட்டர்வொர்த்

கவுண்டரில் ‘நாகூர்’ என்று சொன்ன அந்தப் பெரியவரையும் இனி நம்பக் கூடாது போலிருக்கிறது. 😀 ராவுத்தர் என்ற பெயரும் வருகிறது, அதுவும் இதே கதைதானா?

சூலியா_வீதி

இல்லை, அது குதிரை வியாபாரத்தில் தொடங்குகிற வேறு கதை. அதற்குத் தனி இழை திறங்கள், அங்கே வருகிறேன். நைனா, கடிதத்தின் பின்பக்கத்தில் தபால் முத்திரை ஏதாவது இருந்தால் அதையும் படம் எடுத்துப் போடுங்கள். முத்திரையில் ஆண்டு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.